தபசுக்கு வளர்த்த முடி

போன ஆவணியில் எங்கள் வீட்டில் நடந்த காதுகுத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. அவனுக்குப் பதிலாக ஒரு செல்போன் வந்தது. ஆள் துபாயில் வேலை பார்க்கிறான், லீவு கிடைக்கவில்லையாம். பிள்ளையை அதன் தாய்வழித் தாத்தா மடியில் உட்காரவைத்து, எதிரே ஒரு செம்பில் போனைச் சாய்த்து வைத்தார்கள். ஆசாரி ஊசியைக் காதில் வைத்ததும் பிள்ளை அழுதது. போனுக்குள் இருந்த மாமனும் சேர்ந்து அழுதான். வந்திருந்த சனம் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், வேறு வீட்டு விசேஷமாக இருந்தால்.

பிள்ளையின் அப்பன் சங்கரன். என் தங்கை மகன். அவன் வாய் சும்மா இருக்காது. போனைக் கையில் எடுத்து மச்சானைப் பிடித்துக்கொண்டான்.

"மாப்ள, எங்க மாமா அந்தக் காலத்துலயே கப்பல்ல இருந்து வந்து எனக்கு மடி குடுத்தாவ. ஒனக்கு ஏரோப்ளேன் இருந்தும் வர முடியலயாக்கும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெற்றிலைத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு பாக்கைத் தேடினேன். அவன் சொன்னதில் பொய் இல்லை. மடி கொடுத்தேன். எந்த இடத்தில் கொடுத்தேன் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை. அன்று சாயங்காலம் பந்தலைப் பிரித்த பிறகு, கப்பலில் லீவெல்லாம் எப்படிக் கொடுப்பார்கள் தாத்தா என்று பேத்தி முறையுள்ள ஒருத்தி கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். முழுதாகச் சொல்லாதது மனதில் கிடந்து உறுத்துகிறது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பனவடலிசத்திரம். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்குக் கடற்படையில் என்ன சோலி என்று கேட்கலாம். திருநெல்வேலியில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு சிநேகிதனுக்குத் துணையாகப் போனேன். அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை எடுத்துக்கொண்டார்கள். அவன் கொஞ்ச நாள் என்னிடம் பேசவில்லை. லோனாவ்லாவில் இயந்திரப் பயிற்சி. இந்தியைப் பாதி வசவு மூலமாகத்தான் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு பம்பாயில் ஒரு பழைய நீராவிக் கப்பல். பணிக்காலத்தின் பெரும்பகுதி அதன் அடிவயிற்றில்தான் போனது.

என் பொறுப்பு எவாப்பரேட்டர். கடல் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியைக் குளிரச் செய்து நல்ல தண்ணீராக்கும் இயந்திரம். குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாய்லருக்கு ஊட்ட அந்தத் தண்ணீர்தான் வேண்டும். பாய்லர் தண்ணீரில் உப்பு கலந்தால் குழாய்கள் பாழ். ஆகவே காவல் மாறும்போதெல்லாம் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். தெளிவாக நின்றால் நல்லது. பால் கலந்ததுபோல் வெளுத்தால் உப்பு இருக்கிறது என்று அர்த்தம்; உடனே அந்தத் தண்ணீரைத் திருப்பிக் கடலிலேயே விட்டுவிட்டுக் கோளாறு எங்கே என்று தேட வேண்டும். உள்ளே இருக்கும் சுருள் குழாய்களில் உப்பு படிந்து பாறையாகிவிடும். சூடாக இருக்கும்போதே நீராவியை நிறுத்திக் குளிர்ந்த கடல்நீரை விட்டால் குழாய் சட்டென்று சுருங்கி, உப்புப் பாறை வெடித்து உதிரும். கொஞ்சம் பிசகினால் குழாயே வெடித்துவிடும். எங்கள் எவாப்பரேட்டர் ரொம்பப் பழசு, சொன்ன பேச்சுக் கேட்காது. அதன் குணம் எனக்குப் பிடிபட்டிருந்தது. அதுதான் எனக்கு வினையாகவும் போயிற்று.

என் மேலாள் சீஃப் தேஷ்பாண்டே. மராத்திக்காரர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் போய் எதைச் சொன்னாலும் கையில் இருக்கிற பஞ்சு வேஸ்ட்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே கேட்பார். துடைத்து முடித்து அந்தப் பஞ்சை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தால் பதில் வரப்போகிறது என்று பொருள். மடிக்காமல் மூலையில் போட்டுவிட்டால் பதில் கிடையாது, வேலையைப் பார்க்கப் போக வேண்டியதுதான். பாய்லர் ரூம் வாசலில் ஒரு பிள்ளையார் படம் ஒட்டி வைத்திருந்தார். என் லாக்கரில் ஒரு பவுடர் டப்பாவில் சங்கரன்கோவில் புற்றுமண் இருக்கும். காவலுக்கு இறங்கும் முன் நெற்றியில் பூசிக்கொள்வேன். முதல் ஏணி இறங்குவதற்குள் வேர்வையில் அது மூக்குக்கு வந்துவிடும். அதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தாலும் அவர் சிரிக்க மாட்டார்.

அந்தப் புற்றுமண் என் தங்கை கோமதி மடித்து அனுப்புவது. அவளைச் சங்கரன்கோவிலில்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற கடை. நல்ல மனுசன். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போன பிறகு, அம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்றிலிருந்து, கோமதி தினமும் கோயிலை வலம் வந்து ஆடிச்சுற்று சுற்றினாள். அடுத்து உண்டான பிள்ளை தங்கியது. அவன்தான் சங்கரன். கோமதி நேர்ந்துகொண்டது இதுதான்: பிள்ளையின் முதல் முடியைத் தபசு அன்றைக்கு, அம்மன் சன்னிதியில், அண்ணன் மடியில் வைத்து இறக்குவது. நாளும் அவள் சொன்ன நாள், மடியும் அவள் சொன்ன மடி.

நான் லீவில் வந்தபோது இதைக் கேட்டு அவளைக் கடிந்துகொண்டேன். கப்பல்காரனை நம்பி யாராவது நாள் குறிப்பார்களா என்றேன். அவள் பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஒன்னயக் கடலு திருப்பித் தரணும்லா அண்ணே. அதுக்கும் சேத்துத்தான் நேந்துருக்கேன். நீ வந்து உக்காந்தாத்தான் நேர்ச்ச தீரும். அப்பம் அவ ஒன்னயக் கொண்டாந்துதான ஆகணும்."

அம்மனையே மடக்கிவிட்டதாக அவளுக்கு ஒரு சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது.

முதல் ஆடிக்கு எங்கள் கப்பல் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கிடந்தது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளைக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை, முடியும் அவ்வளவாக இல்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது ஆடிக்கு முறைப்படி லீவு கேட்டேன். கப்பலில் லீவு கேட்பது, கடை முதலாளியிடம் தலையைச் சொறிந்துகொண்டு கேட்பது மாதிரி இல்லை. மனுவைச் சீஃப் பார்த்து, பிரிவு அதிகாரி பார்த்து, அது மேலே போகும். பிறகு ஒரு நாள் காலை, மனுக் கொடுத்தவர்களை எல்லாம் சலவை வெள்ளை உடுப்பில் மேல்தளத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். கப்பலின் இரண்டாம் தலைவர் ஒரு சின்ன மேசைக்குப் பின்னால் நிற்பார். ஒழுங்குப் பிரிவுக்காரர் பெயரைக் கூப்பிடுவார். நாம் மூன்றடி எடுத்து வைத்து நின்று சல்யூட் அடிக்க வேண்டும். அவரே நம் மனுவை நமக்காக உரக்கப் படிப்பார். நாம் வாய் திறக்கக் கூடாது, கேட்டால் மட்டும் பதில். அதிகாரி ஒரே ஒரு சொல் சொல்லுவார். கிராண்டட் என்றால் கிடைத்தது. நாட் கிராண்டட் என்றால் இல்லை. மூன்றாவதாக ஒன்று உண்டு, ஸ்டாண்ட் ஓவர். கிடைத்ததும் இல்லை, இல்லாததும் இல்லை, நிறுத்தி வைத்திருக்கிறது. மறுபடி சல்யூட் அடித்து, திரும்பி, ஒரே சீராக நடந்து வர வேண்டும். என் மனுவில் காரணம் என்ற இடத்தில் தங்கை மகனுக்கு முடி இறக்குவது என்று எழுதியிருந்ததைப் படித்தபோது வரிசையில் யாரோ இருமினான். அவன் இருமவில்லை, சிரித்தான் என்று எனக்குத் தெரியும். குழந்தைக்கு முடி வெட்ட சலூன் இல்லையா என்று அதிகாரி கேட்டார். அவர் தப்பாகக் கேட்கவில்லை, அவருக்கு அந்த வழக்கம் தெரியாது. இரண்டு வார்த்தையில் அதை விளக்க எனக்கும் இந்தி போதவில்லை. ஸ்டாண்ட் ஓவர் என்றார்.

அந்த ஸ்டாண்ட் ஓவர் அப்படியே நின்றது. எவாப்பரேட்டர் உப்பைக் கக்க ஆரம்பித்திருந்தது. கப்பலோ சோதனை ஓட்டத்துக்குப் போகவேண்டியிருந்தது. சீஃப் பஞ்சை நான்காக மடித்துப் பையில் வைத்துவிட்டு, உன்னை விட்டால் இதை மேய்க்க எனக்கு வேறு ஆள் இல்லை என்றார். அதைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. இன்றைக்கு நினைத்தால் அந்தப் பெருமையைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை.

இதற்குள் சங்கரனுக்கு முடி தோளைத் தாண்டிவிட்டது. கோமதி அதற்கு எண்ணெய் வைத்து, சீவி, இரட்டைச் சடை போட்டு, கனகாம்பரம் வைத்துவிடுவாள். கடைக்கு வருகிறவர்கள் "பாப்பா, ஒம்பேர் என்னட்டி" என்று கேட்பார்களாம். அவன் இடுப்புத் துணியை அவிழ்த்துக் காட்டித் தான் யார் என்று நிரூபிப்பானாம். முடியை யாராவது தொட்டால், மாமா வரும், தபசு வரும், அப்பம்தான் எடுப்போம் என்று பாடம் சொல்லுவான். கோமதி சொல்லிக்கொடுத்த பாடம். சாமி கும்பிடச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

மூன்றாவது ஆடிக்கு லீவு கிடைத்தது. சீஃபே வாங்கிக் கொடுத்தார். ஒரு மலையாளப் பையனுக்கு எவாப்பரேட்டரின் குணங்களை எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். மதராஸில் இறங்கிக் கொல்லம் மெயில். சங்கரன்கோவில் ஸ்டேஷனில் மாப்பிள்ளை வண்டியோடு நின்றார். வீட்டில் புது வேட்டி, சந்தனம், கிடாரம் நிறையப் பாயசத்துக்குச் சாமான், எல்லாம் தயார். சங்கரன் என் மடியை விட்டு இறங்கவில்லை. தபசுக்கு ஒரு நாள் முன்னால், நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது தந்திக்காரர் வந்தார். லீவு ரத்து, உடனே கப்பலுக்குத் திரும்பவும்.

மெயில் சாயங்காலம். கையில் இருந்தது ஒரு மத்தியானம். இப்பவே கோயிலுக்குப் போய் முடியை இறக்கிவிடலாம், ஒரு நாள் முன்னால் செய்தால் அம்மன் கோபிக்கவா போகிறாள் என்று நான் சொன்னேன். நாவிதரைக் கூப்பிட மாப்பிள்ளை செருப்பைக்கூட மாட்டிவிட்டார். எங்கள் அப்பா வேறு வழி சொன்னார்: நாளையே, தபசு அன்றைக்கே செய்வோம், பெரியப்பா மகன் ஒருத்தன் இருக்கிறான், அவனும் தாய்மாமன் முறைதானே, அவன் மடியில் வைத்துக்கொள்வோம் என்றார். கோமதி எதற்கும் அசையவில்லை. பிள்ளையின் சடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவட்ட நாளும் சொல்லிருக்கேன், ஆளும் சொல்லிருக்கேன். ஒண்ண விட்டு ஒண்ண எப்படிக் குடுக்கது? அடுத்த வருசம் தபசு வராமலா போயிரும்? நீ போய்ட்டு வா அண்ணே."

ஸ்டேஷனுக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் வந்தாள். தபசுக்காகச் சனமெல்லாம் எங்களுக்கு எதிர்த்திசையில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. குருவிகுளம் பக்கத்துச் சனம் பருத்தியும் மிளகாய் வத்தலும் மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். தபசு மண்டபத்தில் அம்மன் முன்னால் வாரி இறைத்துச் சூறை விடுவதற்கு. அத்தனை பேரும் ஊருக்குள் போக, நான் ஒருத்தன் ஊரை விட்டுப் போனேன்.

பம்பாய் போய்ச் சேர்ந்தால், கப்பல் கிளம்புவது தள்ளிப் போயிருந்தது. தபசு அன்றைக்கும், அதற்கடுத்த வாரமும் கப்பல் கரையில்தான் கட்டிக் கிடந்தது. சுருள் குழாயில் உப்புச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சீஃப் வந்து பார்த்தார். விரல்களைத் துடைத்தார். பஞ்சை மடிக்கவும் இல்லை, மூலையில் போடவும் இல்லை, கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனார். மறு வருஷத்து லீவு அட்டவணை போடும்போது ஆடி மாதத்துக்கு எதிரே என் பெயரைத்தான் முதலில் எழுதினார். முன்கூட்டியே மேலேயும் கிராண்டட் வாங்கி வைத்துவிட்டார். பங்குனியிலேயே என் தபசு லீவு உறுதி. அந்த விஷயத்தை ஊருக்கு எழுதினேன். கோமதி, பாயசத்துக்கு இந்தத் தடவை சேமியாவா ஜவ்வரிசியா என்று கேட்டுப் பதில் போட்டிருந்தாள்.

வைகாசியில் அவளுக்கு மஞ்சள் காமாலை. பச்சிலை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், முதலில் தெளிந்ததுபோல் இருந்திருக்கிறது. திரும்ப வந்தபோது பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகக் கார் பிடித்தார்கள். கார் வழியிலிருந்தே திரும்பிவிட்டது.

தந்தியைச் சீஃப்தான் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை உடுப்பு, வரிசை, சல்யூட் ஒன்றும் இல்லை. எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு என்னை அப்படியே மேலே கூட்டிப் போனார். அதே அதிகாரி, எழுந்து நின்று என் தோளைத் தொட்டுக் கிராண்டட் என்றார். வாசல்வரை சீஃப் என் பெட்டியைத் தூக்கி வந்தார். வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அந்தக் குழந்தையின் முடியை இறக்கியாயிற்றா என்று. இல்லை என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தபசுக்கு மூன்று வருஷம் கிடைக்காத லீவு, சாவுக்கு நின்ற நிலையில் கிடைத்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எந்தப் படையிலும் அப்படித்தான். 

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பன் தூக்கிக்கொள்ள, சங்கரன்தான் கொள்ளி வைத்திருந்தான். மகன் என்றால் மொட்டையும் போட வேண்டும். ஆனால் சுடுகாட்டில் நாவிதர் கத்தியை எடுத்ததும் மாப்பிள்ளை தடுத்துவிட்டாராம். அது சாமிக்கு வளர்த்த முடி, அவள் அண்ணன் வரட்டும் என்று. கருமாதி அன்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். நேர்ச்சை முடியைச் சாவுக்கு எடுக்கலாமா என்று ஒரு கட்சி. தாய்க்கு மகன் செய்கிற கடனைவிட நேர்ச்சை பெரிசா என்று இன்னொரு கட்சி. கடைசியில் எங்கள் அப்பாதான் முடிவு சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

குளக்கரையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்தேன். சங்கரனைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். நாவிதர் சடையைப் பின்னலோடு அறுக்காமல், கோமதி கையால் பின்னியது என்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாக அவிழ்த்துவிட்டுத்தான் தண்ணீர் தெளித்தார். உண்மையில் அது அவள் பின்னியது இல்லை, பக்கத்து வீட்டுப் பெண் பின்னியது. முடி என் வேட்டியில் விழுந்தது. ஒரு பிடி எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டேன், ஆடியில் கோயிலில் சேர்த்துவிடலாம் என்று. தீட்டு முடியைச் சன்னிதிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னார். சொன்னது நியாயம்தான். குளத்திலேயே விட்டேன்.

அந்த ஆடி லீவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். சாவு நடந்த வீட்டுக்கு அந்த வருஷம் திருவிழா ஏது. லீவு வேண்டாம் என்பதும் ஒரு மனுதான். அதற்கும் வெள்ளை உடுப்புப் போட்டு, மூன்றடி நடந்து, சல்யூட் அடித்து நின்றேன். கிராண்டட்.

அதன் பிறகு என் பணிக்காலம் முடிகிறவரை கடல் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒரு தடவை நீராவிக் குழாய் வெடித்துப் பக்கத்தில் நின்றவனுக்கு முகமெல்லாம் வெந்துபோனது. எனக்குச் சட்டைதான் போயிற்று. கோமதி நேர்ந்துகொண்டதை அடிக்கடி நினைப்பேன். பிள்ளை தங்க வேண்டும் என்று கேட்டாள், தங்கினான். அண்ணன் திரும்பி வர வேண்டும் என்று கேட்டாள், வந்துவிட்டேன். தனக்கென்று அவள் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்கலாம். அம்மன் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து ஒரு தபசுகூட நான் விட்டதில்லை. கொடியேறியதும் ஆடிச்சுற்று சுற்றுகிறேன். முழங்கால் வலிக்கிறது, என் மனைவி திட்டுகிறாள், நான் நிறுத்துவதில்லை. யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை இப்போது.

சங்கரன் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். குளக்கரையில் என் மடியில் உட்கார்ந்தது அவனுக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறதாம். தண்ணீர் சில்லென்று இருந்தது, மாமா இறுக்கிப் பிடித்திருந்தாவ என்பான். மற்றதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. ஆனால் அன்றைக்கு அவன் பேசியது அவனுக்கு நினைவில்லை. அங்கே இருந்தவர்களில் அதைக் கேட்டவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், நான் ஒருத்தன்தான் பாக்கி.

கத்தி படும்போது அவன் அழவே இல்லை. அவன் படித்த பாடம் அப்படியே நடந்துகொண்டிருந்தது: மாமா வந்தாயிற்று, மடியில் வைத்தாயிற்று, முடியும் எடுக்கிறார்கள். பாதி மொட்டையோடு என்னை அண்ணாந்து பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"தபசு வந்துட்டா மாமா?"

"வந்துட்டு மக்கா."

"அப்பம் அம்மையக் கூப்பிடு. அவ பாக்கட்டும்."